நாலாம் நம்பர் சிக்கரியும் ஒரு பாத்திப் பூண்டும்

சிக்கரி சோதனைக் கோப்பில் நாலாம் நம்பருக்கு மேல் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டவன் நான்தான். கோடு போட்டேனே தவிர, பக்கத்தில் காரணம் எழுதவில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்து அதை ஒருவர் எடுத்துப் பார்ப்பார் என்று நினைக்கவும் இல்லை. போன மாதம் கம்பெனியிலிருந்து அஞ்சு என்ற பெண் போன் செய்தாள். நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள்.

“சாரே, ஒரு டௌட். ஆறு விதையிலெ நாலாம் நம்பருக்குத்தான் மார்க் கூடுதல். பின்னெ எதுக்கு வெட்டியிருக்கு? நாங்க திரும்பவும் மலையிலெ சிக்கரி போடப் போறோம். எந்த விதைன்னு இந்த மாசமே தீர்மானிக்கணும்.”

“போன்ல சொன்னா ஆகாதும்மா. எழுதித் தரேன்” என்றேன்.

ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. விதையைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாம் நம்பரைப் போடுங்கள். வேர் குட்டை, தோல் கரடுமுரடு, கப்பில் லேசான புளிப்பு. ஆனால் குளிர்காலத்தில் கழுத்தை அறுக்காது. இவ்வளவுதான் தொழில் சமாசாரம். மிச்சமெல்லாம் என் சமாசாரம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது திருவனந்தபுரம் ஆரியசாலையில், மிளகு மூட்டைக்கும் வெல்லத் தட்டுக்கும் நடுவே வாசல் வைத்திருந்த ஒரு காப்பிக் கிடங்கில். முதல் மூன்று வருடம் கொட்டையில் கல் பொறுக்கினேன், சாக்கு எண்ணினேன், வறுவல் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று நிறம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நாலாவது வருடம் மகாதேவன் சார் என்னை மாடிக்கு, சுவை பார்க்கும் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே போனவன் கீழே இறங்குவதற்கு இருபத்தெட்டு வருடம் ஆயிற்று.

மகாதேவன் சார் எங்கள் கம்பெனியின் கலவை மேலாளர். எந்தத் தோட்டத்துக் கொட்டையை எதனோடு எவ்வளவு கலப்பது, எத்தனை பங்கு சிக்கரி சேர்ப்பது என்பதெல்லாம் அவர் நாக்கு சொல்வதுதான். ஒல்லியான ஆள். வெள்ளை முழுக்கைச் சட்டை, நெற்றியில் விபூதி. சந்தனம் மட்டும் கிடையாது. சந்தனத்தின் வாசம் அறையில் நிற்குமாம். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நாம் சொன்னது பிடிக்காவிட்டால் கையிலிருக்கும் கரண்டியை வெந்நீரில் மறுபடி கழுவுவார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கும். அவர் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்துக் கீழே வைக்கும்வரை நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குள் எனக்கு என் கருத்தே தப்பு என்று தோன்றிவிடும்.

ஒரு கப்பை மூன்று தடவை பார்ப்பார். கொதிக்கும்போது, கை பொறுக்கும் சூட்டில், கடைசியாக முழுக்க ஆறிய பிறகு. ஆறின காப்பியை வாயில் வைக்க எனக்கு ஆரம்பத்தில் குமட்டும். “சூட்டிலெ எல்லாக் காப்பியும் நல்ல காப்பியாக்கும். ஆறட்டும், அப்பொ அதோட யோக்கியதை தெரியும்” என்பார். உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, பித்தளைப் பாத்திரத்தில் துப்பிவிட்டு, மார்க் போட்ட பிறகுதான் பேசுவோம். அதற்குமுன் முகத்தைச் சுளிப்பதுகூடக் கூடாது.

அந்த அறைக்கு வேறு கட்டுப்பாடுகளும் இருந்தன. பவுடர் கூடாது, பூ கூடாது, வெற்றிலை கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பூண்டு கூடவே கூடாது. சுவை பார்க்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே வீட்டில் பூண்டு சாப்பிடக் கூடாது. கரமனையில் எங்கள் வீட்டு அடுக்களைக்குள் பூண்டு நுழைந்ததே இல்லை என்பதால் எனக்கு இது ஒரு கஷ்டமாக இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. இந்தக் கர்வத்தைத்தான் பின்னால் மலைமேல் கொண்டுபோனேன்.

சிக்கரி ஒரு செடியின் வேர். முள்ளங்கிபோல மண்ணுக்குள் இறங்கும். தோண்டி, கழுவி, துண்டு போட்டு, உலர்த்தி, கறுக்க வறுத்துப் பொடித்துக் காப்பித்தூளோடு கலக்கிறோம். டிகாக்ஷனின் கறுப்பும் திடமும் முக்கால்வாசி அதன் தயவுதான். எங்களுக்கு அது வடக்கேயிருந்து மூட்டையாக வந்துகொண்டிருந்தது. ஒரு வருடம் வந்த சரக்கு முழுக்கப் பூசணம். இனி நமக்குத் தெரிந்த நிலத்தில் நாமே விளைவிப்போம் என்று மேலே முடிவாயிற்று. திருவனந்தபுரத்து வெக்கையில் சிக்கரி வேர் வைக்காது. அதனால் மூணாறு தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு மலையூரைப் பிடித்தோம். எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள். நான் விவசாயம் படித்தவன் என்று என்னைத்தான் அனுப்பினார்கள். படித்ததோடு சரி, மண்வெட்டி பிடித்து வருடக்கணக்காகியிருந்தது.

அங்கேதான் பழனிச்சாமியைப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். படிப்படியாக இறங்கும் மூன்று தட்டு நிலம், மனைவி ராசாத்தி, இரண்டு பிள்ளைகள். ஆறு சாக்லேட் டப்பாக்களில் ஆறு விதை கொண்டுபோயிருந்தேன். கடுகைவிடப் பொடி விதைகள், டப்பாமேல் நம்பர் மட்டும். தன் நிலத்திலேயே நல்ல தட்டை அவர் சோதனைக்குக் கொடுத்தார். “ஆபீசர் வெள்ளாமை, நல்ல மண்ணுல இருக்கட்டும் சார்” என்றார். வரிசை பிடித்து விதைத்தோம், முளைத்ததும் இடைவெளி விட்டுக் களைந்தோம். மாதம் ஒருமுறை போய் அளந்து எழுதிக்கொண்டு வருவேன்.

நாலாம் நம்பர் ஆரம்பத்திலிருந்தே அழகி. இலை தரையோடு படர்ந்து பளபளவென்று இருக்கும். வேர் நேராக, வழவழவென்று ஒரே சீராக இறங்கியிருந்தது. இரண்டாம் நம்பரைப் பிடுங்கினால் கிளை பிரிந்து மண்ணையும் கல்லையும் கட்டிக்கொண்டு வரும். “இத கழுவுறதுக்குள்ள எம்பொஞ்சாதி என்னைய வஞ்சிருவா சார்” என்று பழனிச்சாமி சிரித்தார். அந்த வருடம் மலையில் பனி விழவில்லை. “இந்த வருசம் குளிரே இல்ல, கம்பளியே எடுக்கல” என்று அவர் சொன்னதை என் குறிப்பேட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டேன் என்பதாலேயே அதைப் பற்றி யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

ஆரியசாலை மாடியில் ஆறு வேரையும் வறுத்துப் பொடித்து ஆறு கப் வைத்தோம். சூட்டில் நாலாம் நம்பருக்கும் இரண்டாம் நம்பருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆற ஆற நாலாம் நம்பரில் வெல்லப்பாகு வாசம் எழுந்தது. முழுக்க ஆறிய பிறகும் நாக்கில் கசப்பு தங்கவில்லை. சுவை பார்க்கும் நாங்கள் நாலு பேரும் தனித்தனியே மார்க் போட்டோம். நாலு சீட்டிலும் அதுதான் முதல். மகாதேவன் சார் அன்று துப்பவில்லை, விழுங்கினார். அவர் விழுங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“கொள்ளாம், இல்லையா ஓய்?” என்றார்.

“நன்னாருக்கு சார். ஆனா ஒரே ஒரு குளிர்காலந்தான் பார்த்திருக்கோம். அதுவும் குளிரில்லாத குளிர்காலம். இன்னும் ஒரு வருஷம் சோதனைப் பாத்தியிலேயே பார்த்துட்டு அப்பறம் குடியானவாளுக்குக் குடுக்கலாம்னு தோண்றது.”

அவர் கரண்டியை எடுத்தார். வெந்நீரில் முக்கினார், துடைத்தார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்தபோது நான், “நாலாம் நம்பரே போடலாம் சார்” என்று சொல்லியிருந்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை கட்டாயப்படுத்தவில்லை. சிக்கரிச் செடி முளைத்த பிறகு கடுங்குளிர் பட்டால் வேரைப் பெருக்குவதை விட்டுவிட்டுப் பூக்கத் தண்டு விடும் என்பது நான் பாடப்புத்தகத்தில் படித்ததுதான். எந்த விதை குளிருக்குத் தாங்கும், எது தாங்காது என்பதைக் குளிரில்தான் பார்க்க முடியும். நாங்கள் நிலத்தில் விளையும் பயிரை நாக்கால் தேர்ந்தெடுத்தோம். நாக்கைத் தவிர வேறு எதையும் நம்பாத ஒரு கூட்டம் அப்படித்தான் செய்யும்.

இதையாவது மகாதேவன் சார் தலையில் பாதி வைக்கலாம். அடுத்தது முழுக்க என்னுடையது.

பழனிச்சாமியும் அவருடைய அண்ணன் தம்பி, பங்காளிகள் ஐந்து வீடும் சேர்ந்து நாலாம் நம்பர் போடச் சம்மதித்தார்கள். ஒப்பந்தத்தை நான்தான் எழுதினேன். வேரைத் துண்டு போடுவதும் உலர்த்துவதும் அவர்கள் வீட்டுக் களத்திலும் பரணிலும்தான் நடக்கும். அந்த வீடுகளில் நான் கண்டது முழுக்கப் பூண்டு. உள்ளே நுழைந்தாலே மூக்கில் ஏறும். எனக்குப் பகீரென்றது. சிக்கரிக்கு வாசம் பிடித்துவிட்டால் ஒரு மூட்டை போதும், மொத்தக் கலவையும் போயிற்று. அதனால் என் கைப்பட ஒரு வரி சேர்த்தேன்: இந்த வருடம் ஒப்பந்தக்காரர் தம் நிலத்திலோ வீட்டிலோ பூண்டு பயிரிடவோ வைத்திருக்கவோ கூடாது. மகாதேவன் சார் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். யாரும் என்னிடம் அப்படி எழுதச் சொல்லவில்லை.

அந்தப் பூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னப் பல், சிவந்த தோல், நசுக்கினால் கண்ணில் தண்ணீர் வரும். அந்த உயரத்தில் வருடத்துக்கு ஒரு போகம். எடுத்த பூண்டில் நல்லதைப் பொறுக்கி, காய்ந்த தண்டோடு கட்டி, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவார்கள். அதுதான் அடுத்த நடவுக்கு விதை. அந்த நடவைத் தவறவிட்டால் பல் சுருங்கிப் பதராகிவிடும், இன்னொரு வருடத்துக்குத் தாங்காது. ஊரில் மற்றவர்கள் எல்லாரும் சந்தையில் வாங்கும் பெரிய வெள்ளைப் பூண்டுக்கும் கேரட்டுக்கும் மாறிவிட்டிருந்தார்கள். அந்தச் சிவப்புப் பூண்டை விடாமல் நட்டுக்கொண்டிருந்தது இந்த ஆறு வீடு மட்டும்தான்.

கையெழுத்துப் போடுமுன் பழனிச்சாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், எல்லா நிலத்துலயும் சிக்கரியே போட்டுக்கறோம். ஒரே ஒரு பாத்தி மட்டும் பூண்டு வச்சுக்கறேன். விக்க இல்ல சார், விதைக்கு. வீட்டுலகூட வேணாம், அந்தா அந்த மூலையில.”

“வாசம் பிடிச்சிரும் பழனிச்சாமி.”

“மண்ணுக்குள்ள இருக்கற வேருக்கு எப்படி சார் வாசம் பிடிக்கும்?”

“உங்களுக்குத் தெரியாது. எங்க தொழில் அப்படி. ஒரு பாத்தி வச்சா ஆறு வீடும் ஆளுக்கொரு பாத்தி கேக்கும்.”

“ஒரு வருசம் விட்டா விதையே போயிரும் சார். எங்கப்பா காலத்துலருந்து விட்டதில்ல.”

“அடுத்த வருஷம் நான் வாங்கித் தரேன். எங்கே கெடச்சாலும் வாங்கித் தரேன்.”

அவர் அந்த மூலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஆபீசர் பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்தாரோ என்னவோ. நான் பொய் சொல்லவில்லைதான். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன், அவ்வளவே.

அந்த மார்கழியில் மலையில் பனி கொட்டியது. காலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது என்று பழனிச்சாமி போனில் சொன்னார். தை முடிவதற்குள் நாலாம் நம்பர் தண்டு விட ஆரம்பித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு வீட்டு நிலமும் இடுப்பு உயரத்துக்கு நின்றது. சோதனைக்கென்று ஓர் ஓரத்தில் விட்டிருந்த இரண்டாம் நம்பர் மட்டும் தண்டு விடாமல் தரையோடு கிடந்தது. மாசியில் நீலநீலமாகப் பூத்தது. வழியோடு போகிற சுற்றுலாக்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான நாசத்தை நான் பார்த்ததில்லை.

வேரை ஏற்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. சாக்குக்கு ஐந்து வேர் உருவி எடுக்க வேண்டும். கழுத்துக்குக் கீழே நாலு விரல் விட்டுக் கத்தியால் குறுக்கே வெட்ட வேண்டும். நல்ல வேரில் கத்தி சத்தமில்லாமல் இறங்கும், வெட்டிய இடத்தில் பால் துளிர்க்கும். தண்டு விட்ட வேரில் நடுவே கட்டை விழுந்து கத்தி நின்றுவிடும். ஐந்தில் இரண்டு நின்றால் சாக்கு தள்ளுபடி. இந்த முறையை எழுதி வைத்ததும் நான்தான். பழனிச்சாமி வீட்டுக் களத்தில் உட்கார்ந்து காலையிலிருந்து வெட்டினேன். கத்தி இறங்கவே இல்லை. அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாக்கைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தியை வாங்கித் துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். மத்தியானம்வரை இதே வேலை. கடைசிச் சாக்கு ஆனதும், “மாட்டுக்காவது போடலாமா சார்?” என்று கேட்டார். போடலாம் என்றேன்.

ஆரியசாலைக்குத் திரும்பி அறிக்கை கொடுத்தேன். மகாதேவன் சார் முழுக்கப் படித்தார். “சிக்கரிக் காரியம் இத்தோட மதி, போதும்” என்றார். மூட்டைகள் மறுபடி வடக்கேயிருந்து வர ஆரம்பித்தன. அந்த ஆறு வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் கரண்டியைக் கழுவினார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காரியம் செய்தேன். நல்ல சிக்கரித் துண்டு ஒரு கிலோவை எடுத்து, உரித்த பூண்டோடு சேர்த்து ஒரே டப்பாவில் மூடி வைத்தேன். பத்து நாள் கழித்துத் திறந்தபோது அறையே நாறியது. அந்தச் சிக்கரியை வழக்கம்போல வறுத்தேன். புகை எழுந்து, கறுத்து, பொடித்து, கப் வைத்தேன். சூட்டில் ஒன்றும் இல்லை. ஆறட்டும் என்று காத்திருந்தேன். முழுக்க ஆறிய பிறகும் ஒன்றும் இல்லை. வெறும் சிக்கரி. பழக்கமுள்ள இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு எது என்று சொல்லாமல் கொடுத்தேன், அவர்களுக்கும் தெரியவில்லை. வறுவல் சூட்டில் பூண்டு வாசம் எரிந்து போய்விடுகிறது. ஒப்பந்தத்தில் அந்த வரியை எழுதுமுன் இதை நான் செய்து பார்த்திருக்கலாம். ஒரு டப்பாவும் பத்து நாளும்தான் செலவு. வீட்டில் பூண்டு இல்லாத ஒருவன் பூண்டைப் பற்றி எதையும் சோதிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அன்றைக்கு அந்த அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

விதைப்பூண்டு வாங்கித் தருகிறேன் என்று சொன்ன வாக்கு மிச்சமிருந்தது. லீவு போட்டுவிட்டு அந்த மலை, அடுத்த மலை, எல்லைக்கு அந்தப் பக்கம் என்று அலைந்தேன். எல்லா இடத்திலும் வெள்ளைப் பூண்டுதான். ஒரு நடவுக் காலம் தாண்டிவிட்டது. அடுத்த வருடம், ஜீப்பும் போகாத ஒரு குடியிருப்பில் ஒருவர் வீட்டு அடுப்புக்கு மேலே அதே சிவப்புத் தோலைப் பார்த்தேன். ஒரு பல் நசுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கெஞ்சிக் கூத்தாடி அரைச் சாக்கு வாங்கினேன். ஆயுளில் முதல் தடவையாகப் பூண்டுச் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

பழனிச்சாமி வீட்டில் ராசாத்தி மட்டும் இருந்தாள். சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அவரு இங்க இல்ல சார். திருவனந்தபுரத்துல ஓட்டல் வேலைக்குப் போயி எட்டு மாசம் ஆகுது. உங்க ஊருலதான் இருக்காரு.”

எந்த இடம் என்று கேட்டேன். கிழக்கேகோட்டையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் என்றாள். நான் தினமும் பஸ் மாறும் இடம். சாக்கை உள்ளே வைக்கச் சொன்னாள், வைத்துவிட்டு இறங்கினேன்.

மறுநாளே போனேன். ஓட்டலின் பின்வாசலில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் கோபம் தேடினேன், இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“வெதப் பூண்டு கொண்டுபோய் வீட்டுல வச்சிருக்கேன் பழனிச்சாமி. அதே பூண்டு, பார்த்துட்டேன்.”

“ராசாத்தி போன்ல சொன்னா சார். நீங்களே தோள்ல தூக்கிட்டு வந்தீங்களாமே. எதுக்கு சார் இந்த வயசுல?”

“எப்ப ஊருக்குப் போறீங்க? நடவுக்கு இன்னும் நாள் இருக்கு.”

அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நிலத்தக் குத்தகைக்கு விட்டாச்சு சார். தைலமரம் வச்சிட்டாங்க. மரம் வெட்ட எட்டு வருசம் ஆகும்.”

“அண்ணன் தம்பி நிலம்?”

“எல்லாரும் ஒண்ணாத்தான் விட்டோம் சார்.”

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். என் எதிரிலேயே வீட்டுக்குப் பேசினார்.

“இந்தா, சார் வந்திருக்காரு. அந்தப் பூண்ட இறக்கி எல்லா வீட்டுக்கும் பங்கு வச்சுக் குடு. கொழம்புக்கு எடுத்துக்கச் சொல்லு.” அந்தப் பக்கம் ராசாத்தி ஏதோ கேட்டாள். “வெதைதான், தெரியும். சொன்னதச் செய்யி. வச்சிருந்தா சும்மா பதராப் போகும், சார் தூக்கிட்டு வந்தது வீணாப் போயிரும்.”

போனை வைத்துவிட்டு, “காப்பி குடிக்காமப் போகக் கூடாது சார்” என்று உள்ளே போனார். அவரே ஆற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன அருகதை இருக்கிறது, வாங்கிக் குடித்தேன். நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“நல்லாருக்கா சார்?” என்று கேட்டார்.

நல்லா இருக்கு என்றேன்.